ஆளுக்கொரு .எம்சிடபிள்யூடி: கணினி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பழைய ஃபிளாப்பிகளைப் படிக்கும் அந்த லினக்ஸ் கணினியில் எல்லோருக்கும் ஏன் ஒரே கணக்கு என்ற பழைய கதைக்குள் மறுபடி போகவில்லை. செவ்வாய்க்கிழமை நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். பக்கத்துத் திரைக்காரரின் கடிதங்களை நான் "கவனக்குறைவாக" அழித்துவிட்டேன் என்று வந்ததாம். அதனால்தான் இந்த மடல்.

டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வட்டுகளை லினக்ஸிலிருந்து கையாளும் கட்டளைத் தொகுப்புதான் எம்டூல்ஸ். அதில் டைரக்டரி மாற்றும் எம்சிடி கட்டளையை அடித்தால், நாம் கட்டளை அடிக்கும் ஷெல் இருந்த இடத்திலேயே இருக்கும். டாஸ் வட்டில் எந்த டைரக்டரியில் நிற்கிறோம் என்பது மட்டும் ஹோம் டைரக்டரியில் .எம்சிடபிள்யூடி என்ற சின்ன ஃபைலில் பதிவாகும். பிறகு வரும் எம்டிர் (பட்டியல் காட்டுவது), எம்டெல் (அழிப்பது) எல்லாம் அதைப் பார்த்துத்தான் நடக்கும். டாஸிலாவது டிரைவுக்கு ஒன்று என்று நினைவிருக்கும். இங்கே எல்லா டிரைவுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. கணக்கும் ஒன்று, ஃபைலும் ஒன்று. உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் மட்டும் நான்கு பேர்.

அன்று எக்ஸ் டிரைவில் என் சோதனை டைரக்டரிக்குப் போய், எம்டிர் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஒரு ஃபோன் வந்தது. பேசிவிட்டு வந்து, டெக்ஸ்ட் ஃபைல்களை அழிக்க எம்டெல் அடித்தேன். அந்த இரண்டு நிமிடத்துக்குள் பக்கத்துத் திரைக்காரர் எம்சிடி போட்டு ஒய் டிரைவுக்குப் போயிருக்கிறார். அவரோடு நானும் போயிருக்கிறேன், எனக்கே தெரியாமல்! படிக்க மட்டும் என்று குறித்த ஃபைலாக இருந்தால்தான் எம்டெல் ஒரு வார்த்தை கேட்கும். அவருடைய 37 கடிதங்களில் ஒன்றுக்கும் அந்தக் குறி இல்லை.

பெரும்பாலானவை மீண்டன. டாஸ் வட்டுகள் ஃபைல்களை வைத்துக்கொள்ளும் ஃபேட் முறையில் அழித்த ஃபைலின் பெயரில் முதல் எழுத்து மட்டும்தான் போகும். "?வி" என்று ஒன்று நிற்கிறது, ரவியா கவியா என்று அவர் திறந்து படித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் கேட்பது ஒரே ஒரு வரி. உள்ளே நுழையும்போது தானே ஓடும் லாகின் ஸ்கிரிப்டில், அந்தப் பதிவு ஃபைல் எது என்று எம்டூல்ஸுக்குச் சொல்லும் எம்சிடபிள்யூடி என்ற சூழல் மாறிக்கு ஒவ்வொரு ஷெல்லிலும் தனி ஃபைல் பெயர் கொடுங்கள். ஓடும் ஒவ்வொரு ஷெல்லுக்கும் தனியாக இருக்கும் பிராசஸ் எண்ணை வாலில் ஒட்டினாலே போதும். லாக்அவுட்டில் அந்த ஃபைலை நீக்கிவிட்டால் இன்னும் நல்லது.

இதையேதான் மூன்று மாதம் முன்பும் எழுதிக் கொடுத்தோம். .எம்சிடபிள்யூடி 6 மணி நேரம் பழசானால் எம்டூல்ஸே காலாவதி என்று சொல்லி அதை நீக்கிவிட்டு ஏ டிரைவுக்குத் திரும்பிவிடும். எங்கள் விண்ணப்பத்துக்கு அப்படி எதுவும் கிடையாது போல. இன்றுவரை "பரிசீலனையில்" இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் அஞ்சல் மட்டும் நாள் தவறாமல் வருகிறது. நான்கு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான் என்பது அப்புறம்.

சரி, எங்கோ போய்விட்டேன். அந்த ஒரு வரியை இந்த வாரத்துக்குள் சேர்த்துத் தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை டிரைவ் எழுத்து, முழுப் பாதை என எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் கையால் அடிக்கிறேன். எம்சிடி பக்கமே போவதில்லை.

இப்படிக்கு,
மூன்றாவது திரையிலிருந்து