நாற்பத்தைந்து வயது டெய்லரைக் கைவிடாதீர்கள்: திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமார்களுக்கும் பெர்சனல் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின்கள், செக்கிங் என்று உங்கள் கம்பெனியில் எங்கு திரும்பினாலும் நாற்பதைத் தாண்டிய பெண்கள் இருக்கிறோம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குவதும் நாங்கள்தான். இந்த வயதில்தான் எங்களுக்கு மாதவிலக்கு நிற்கிறது. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. அதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே உடம்பு படுத்தத் தொடங்கிவிடும். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு எந்த வயதானாலும் இந்த நிலை ஒரேயடியாக வந்துவிடுகிறது.

ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும்போது, உடம்புச் சூட்டைச் சமன் செய்கிற மூளைப்பகுதி லேசான வெப்பத்துக்கே பதறிப்போகும். திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை தீயாய் எரியும், வியர்த்துக் கொட்டும், சில நிமிடங்களில் அடங்கும். அந்தச் சில நிமிடங்கள் மிஷினில் எப்படிப் போகின்றன என்று ஒருநாள் வந்து பாருங்கள். வெள்ளை டீசர்ட் ஓடுகிற நாளில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் கறை என்று பீஸ் திரும்பி வந்துவிடும். அதனால் துணியைத் தள்ளிப் பிடித்து, முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே தைப்போம். பக்கத்தில் அயர்ன் டேபிளின் ஆவி வேறு. ராத்திரித் தூக்கமும் போயிருக்கும். டார்கெட் கொஞ்சம் குறைந்தால், "வயசாயிருச்சுங்க்கா, கைமடிக்குப் போயிருங்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிடுவார். கைமடி என்றால் டெய்லருக்கு உதவியாள் வேலை, கூலி குறையும். இருபது வருடம் பழகிய கை அதோடு வீணாகிவிடும். எனக்கு இதுதான் தாங்கவில்லை.

சிலருக்கு உதிரப்போக்கும் அதிகமாகிறது. பாத்ரூம் போக டோக்கன் கேட்க வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிற அக்காக்களை எனக்குத் தெரியும். அப்புறம் நீர்க்கடுப்பு வந்து லீவு போடுகிறார்கள். அந்த டோக்கனை முதலில் எடுத்துவிடுங்கள். கேட்பவர்களின் மிஷினை அயர்னிங்கை விட்டுத் தள்ளி, ஜன்னல் பக்கமோ ஃபேன் பக்கமோ மாற்றிப் போடுங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே காற்றோட்டம் வேண்டும் என்று சொன்னது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் நம் சட்டசபை சட்டம் போட்டது. நாள் முழுக்க நிற்பதுதான் வழக்கம் என்று அதுவரை இருந்தது. அதுபோல இங்கேயும் வழக்கத்தை மாற்றலாம்.

சூப்பர்வைசர்கள் பலர் எங்கள் மகன் வயதுப் பையன்கள். அவர்கள் மேல் கோபமில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வருடத்தில் ஒருநாள் ஒரு லேடி டாக்டரைக் கூப்பிட்டு அவர்களுக்கும் எங்களுக்கும் பேசச் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு துளி பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும், அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இது எங்களில் பலருக்குத் தெரியாது. இ.எஸ்.ஐ. கார்டு கையில் இருந்தும் போய்வர அரைநாள் கிடைப்பதில்லை. அந்த அரைநாளைச் சம்பளத்தோடு கொடுங்கள்.

தீபாவளி போனஸ் பேச உட்காரும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். அந்தப் பேச்சில் லைனிலிருந்து ரெண்டு பெண்களாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஓவர்லாக் டெய்லர், திருப்பூர்