ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது

அன்புள்ள கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மெட்ரோ தண்ணீர் லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறாயே.

ஆதியின் பிறந்தநாள் போட்டோ பதினொன்று அனுப்பியிருந்தாய். எட்டில் முதுகு, இரண்டில் தூக்கம், ஒன்றில் கூலிங் கிளாஸ். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கூலிங் கிளாஸ் எதற்கம்மா? போன மாதம் வீடியோவில் ஒரு நிமிஷம் திரும்பினான். மோவாயைத் தூக்கி, புருவத்தை ஏற்றிக்கொண்டு பார்த்தான். "தாத்தா மாதிரியே முறைக்கிறான்" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வில்லிவாக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீ அப்படித்தான் என்னைப் பார்ப்பாய்.

உன் மாமியார் ஏதாவது சொன்னார்களா, அவன் இமை தொங்குவது பெண் வழியில் வந்தது என்று? சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். இமையைத் தூக்கும் தசை கருவிலேயே சரியாக வளராமல் போவதுதான் இது. சில குடும்பங்களில் தொடர்ந்து வரும், காரணமே தெரியாமலும் வரும். யார் செய்த தப்பும் இல்லை. நீ அவனைச் சீக்கிரம் டாக்டரிடம் காட்டு.

உன்னிடம் சொல்லாமல் இங்கே ஒரு கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். போட்டோவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, குழந்தையைக் கொண்டுவாருங்கள் என்றார். இமை கண் பாப்பாவை மறைக்கவில்லை என்றால் மூன்று நான்கு வயது வரை பொறுக்கலாமாம். மறைத்தால் காத்திருக்கவே கூடாதாம். தசையில் கொஞ்சம் பலம் இருந்தால் அதையே வெட்டி இழுத்துத் தைப்பார்கள். பலமே இல்லையென்றால் இமையை நெற்றித் தசையோடு கட்டித் தூக்குவார்கள். அதற்குத் தொடையிலிருந்து நார் எடுப்பார்கள், சின்னக் குழந்தை என்றால் சிலிக்கான் வைப்பார்கள். சீக்கிரம் காட்டு கவிதா.

ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு பத்தாவதில் கணக்கில் நூறு வாங்கியவள் நீ. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிப்பட்டவள் பிள்ளை விஷயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எப்படி?

திருப்பிக்கொண்டவன் நான்தான். அந்த வேலைக்கு மெடிக்கலில் உன்னைத் திருப்பி அனுப்பியபோது, பிறவியிலேயே நரம்பு வீக் என்று சொன்னேன் அல்லவா? அது பொய். 1998இல் உனக்கு நாலு வயது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா தெளிவாகத்தான் சொன்னார்கள்: பார்வை வளர்வது ஏழெட்டு வயதுவரைதான், மறைந்து கிடக்கும் கண்ணை மூளை ஒதுக்கிவிடும், அப்புறம் இமையைத் தூக்கினாலும் பார்வை வராது என்று. அட்மிஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள். பையோடு உன்னைக் கூட்டிக்கொண்டு கேட் வரை போனேன். மயக்க மருந்து கொடுத்து நீ விழிக்காமல் போய்விட்டால்? உன் பெரிய அத்தை வேறு, வளர வளரச் சரியாகிவிடும் என்றிருந்தாள். 1819இலிருந்து கண் பார்க்கிற இடம், அவர்களுக்குத் தெரியாததா அவளுக்குத் தெரிந்துவிட்டது? உனக்கு ஒரு பலூன் வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிட்டேன். டாக்டர் லீவு என்று அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது.

பத்தொன்பது வயதில் ஆபரேஷன் செய்து இமை ஏறியது. கண் ஏறவில்லை.

ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச காலம் தூங்கும்போது கண் பாதி திறந்தே இருக்கும். பயப்படாதே, ராத்திரி களிம்பு போட வேண்டும். உனக்கு நான்தான் போட்டேன், கை நடுங்காமல் போடுவேன். தேதி சொன்னால் புனேவுக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

மாவடு ஜாடியில் இருக்கிறது, வரும்போது கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ஆதியை ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவுக்கு நேராக உட்கார வை. கண்ணாடி வேண்டாம்.

அப்பா