சாலையில் அடிபட்டு மடியும் தேவாங்குகளுக்கு மரக்கிளைப் பாலம் அமைத்துத் தர வேண்டி மூன்றாவது கோரிக்கை மனு

அனுப்புநர்:
அழகர்மலை மேற்கு அடிவாரக் கிராம விவசாயிகள் மற்றும் பொதுமக்கள்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வன அலுவலர் அவர்கள்.

பொருள்: மலையடிவார இணைப்புச் சாலையில் இரவு நேரங்களில் வாகனங்களில் அடிபட்டு இறக்கும் தேவாங்குகளைக் காக்க உடனடி நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: சென்ற வைகாசியில் நேரில் அளித்த மனு, ஆவணியில் அளித்த நினைவூட்டு மனு. இரண்டுக்கும் இதுவரை பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நத்தம் சாலையிலிருந்து பிரிந்து எங்கள் கண்மாய்க் கரையை ஒட்டி மலையடிவாரத்துக்கு வரும் இணைப்புச் சாலையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அந்தச் சாலையின் இருபுறமும் நின்ற புளிய மரங்களும் உசிலை மரங்களும் மேலே கிளை கோத்து, உச்சி வெயிலிலும் தரையில் நிழல் விழும்படி இருந்ததைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். சாலையை அகலப்படுத்தியபோது அவை வெட்டப்பட்டன. வண்டிகள் போய்வர வசதியாயிற்று என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அந்த வசதிக்கு எது உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே மூன்றாவது முறையாக இந்த மனுவை எழுதுகிறோம்.

1. தேவாங்குக்குக் குரங்கைப் போலவோ அணிலைப் போலவோ தாவத் தெரியாது. ஒரு கிளையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கிளைக்குக் கையை நீட்டும். ஆகவே கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அது சாலையைக் கடக்க முடியும். மரங்கள் போன பிறகு, இரை தேடி மலைப் பக்கமிருந்து கண்மாய்ப் பக்கம் வருவதற்கு அதற்குத் தரையைத் தவிர வேறு வழி இல்லை. தரையில் அதன் நடை மிக மெதுவானது. வாகன வெளிச்சம் கண்ணில் பட்டால் ஓடவும் செய்யாமல், இருந்த இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது.

2. சென்ற வைகாசியிலிருந்து எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்தவை மட்டும் ஒன்பது. விடிவதற்குள் நாயும் காக்கையும் இழுத்துச் சென்றவை இந்தக் கணக்கில் இல்லை. அதிகாலையில் பால் ஊற்றப் போகிறவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள். கால் கிலோ அளவே எடையுள்ள உயிர் அது. சக்கரம் ஏறிய பிறகு அந்த இரண்டு பெரிய கண்களை வைத்துத்தான் இன்னதென்று அடையாளம் சொல்ல முடிகிறது.

3. ஐப்பசி மழைக்காலத்தில் ஓர் இரவு நடந்ததை இங்கே எழுதியே ஆக வேண்டும். பதினொரு மணிக்கு மேல், களத்து மேட்டுக்கு எதிரே ஒரு பெண் தேவாங்கு அடிபட்டுக் கிடந்தது. உயிர் இருந்தது. அதன் வயிற்றைக் கட்டிப் பிடித்தபடி, கட்டைவிரல் பருமன்கூட இல்லாத குட்டி ஒன்று இருந்தது. தாயை ஒரு பனையோலைக் கூடையில் துணி விரித்துக் கிடத்தினோம். குட்டியைப் பிரிக்க முயன்றபோது அது பிடியை விடவில்லை. அலுவலகத்துக்கு நான்கு முறை தொலைபேசியில் அழைத்தோம். மூன்று முறை யாரும் எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தவர் காலையில் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். எதைக் கொடுப்பது, எப்படித் தூக்குவது என்று தெரியாமல் ஐந்து பேர் அந்தக் கூடையைச் சுற்றி விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி வாக்கில் தாய் இறந்தது. அதன் பிறகும் குட்டி பால் தேடிக்கொண்டிருந்தது. விடியும்போது அதுவும் அடங்கிவிட்டது. ஆள் வந்தது பிற்பகலில். ஐயா, வயிற்றில் ஐந்து மாதத்துக்கு மேல் சுமந்து, ஒரு முறைக்கு ஒன்றோ இரண்டோதான் ஈனும் உயிரினம் இது. இப்படி ஒவ்வொரு தாயாகப் போனால் இந்த மலையில் மிச்சம் என்ன இருக்கும்?

4. தேவாங்கு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதும், உலக அளவிலான செம்பட்டியலில் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகக் குறிக்கப்பட்டிருப்பதும் தாங்கள் அறிந்ததே. எங்களுக்கு வடக்கே, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அரசு 2022இல் அறிவித்தது; நாட்டிலேயே தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அது. நத்தம் வட்டத்துக் காடுகளில் ஒரு பகுதியும் அதில் அடங்கும். அங்கே காக்கப்படும் அதே தேவாங்கு, தெற்கே எங்கள் சாலைக்கு வந்ததும் கேட்பாரற்றுப் போவது என்ன நியாயம்? அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்ததும் அதே 2022தான். அங்கும் அலங்கு எனப்படும் எறும்புத்தின்னியோடு தேவாங்கும் உண்டு. அறிவிப்புகளுக்கு நாங்கள் நன்றியுடையவர்கள். ஆனால் எல்லைக் கல் எங்கே நடப்பட்டது என்பது தேவாங்குக்குத் தெரியாது.

5. கைரேகைக்காரர்களும் மாந்திரீகம் செய்வோரும் பிடித்துப் போனபோது கண்டும் காணாமல் இருந்ததும், பார்த்தால் ஆகாதென்று கல்லெறிந்ததும் எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் நடந்தவைதான், அதை மறைக்கவில்லை. இன்று எங்கள் பிள்ளைகள் அடிபட்டதைக் கண்டால் அழுகிறார்கள். பயிரில் விழும் பூச்சியையும் வண்டையும் தின்று வாழும் உயிர் அது என்று விவசாயிகளுக்கும் தெரிந்திருக்கிறது. ஊர் மாறிவிட்டது ஐயா. அலுவலகம்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.

6. நாங்கள் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. வால்பாறை புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அவை அதில் நடந்து போகின்றன. அதுபோல, கண்மாய்க் கரை, களத்து மேடு, கோயில் திருப்பம் ஆகிய மூன்று இடங்களில், எஞ்சியிருக்கும் மரங்களை இணைத்துக் கயிற்றுப் பாலமோ மூங்கில் பாலமோ கட்டித் தர வேண்டும். கட்டுவதற்கு ஆளும் மூங்கிலும் நாங்களே தருகிறோம். அனுமதியும், எந்த உயரத்தில் எப்படிக் கட்டுவதென்று சொல்ல ஒருவரும் வந்தால் போதும். அந்த மூன்று இடங்களிலும் வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். ஒரு பலகை நடுவதற்கு எத்தனை மாதம் ஆகும் ஐயா? வெட்டிய மரம் ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்று சொன்னார்கள். நட்டவை பூவுக்காக வைக்கும் அழகுச் செடிகள். உசிலையும் வேலமும் புளியும் நட வேண்டும். தண்ணீர் ஊற்றுவது எங்கள் பொறுப்பு.

7. இரவில் அழைத்தால் எடுக்க ஓர் ஆள் வேண்டும். இது ஒன்றையாவது நாளைக்கே செய்யலாம்.

சித்திரைத் திருவிழா நெருங்குகிறது. அழகர் மலையிலிருந்து இறங்கும் நாட்களில் வேன்களும் இருசக்கர வாகனங்களும் இரவு முழுவதும் இந்தச் சாலையில் ஓடும் என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்பாக, களத்து மேட்டில் ஒரு பாலமாவது கட்டி முடிக்க வேண்டும் என்று மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் ஒருமுறை இரவு பத்து மணிக்கு மேல் நேரில் வந்து பார்க்க வேண்டும். எந்த நாளென்று சொன்னால் போதும், கண்மாய் மடை அருகே விளக்கோடு காத்திருப்போம். இறந்தவற்றின் புகைப்படங்களை, பார்த்த தேதியும் இடமும் குறித்து, இத்துடன் இணைத்துள்ளோம். இம்முறையாவது எழுத்து மூலமாகப் பதில் தரும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் மறுபக்கத்தில்)