கருவிழி என்பது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்தானச் செய்திகளில் ‘கருவிழி மாற்று அறுவை சிகிச்சை’ என்றும், ஆதார், நியாயவிலைக் கடைச் செய்திகளில் ‘கருவிழிப் பதிவு’ என்றும் நாளிதழ்கள் எழுதி வருகின்றன. சொல் ஒன்றுதான், உறுப்பு வேறு. முன்னது கார்னியா, பின்னது ஐரிஸ்.

கார்னியா என்பது கண்ணின் முகப்பில் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் கவிந்திருக்கும், நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே கனமுள்ள, இரத்தக் குழாய்கள் அற்ற, ஒளி ஊடுருவும் படலம். அதில் கருமை அறவே இல்லை. பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் அதனைக் ‘கொம்பு போன்றது’ என்ற பொருளில் ‘கெராட்டோஎய்டெஸ்’ என்றனர். மாட்டுக் கொம்பை மெல்லிய தகடாகச் சீவினால் ஒளி கசியும் என்பதும், கண்ணாடி அரிதாயிருந்த காலத்தில் விளக்குக் கூண்டுகளுக்கு அத்தகடுகளே பலகணியாயின என்பதும் தெரிந்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். அரபு மருத்துவ நூல்களின் ‘கர்னிய்யா’வும் இதே பொருளுடையது. கொம்பைக் குறிக்கும் ‘கோர்னு’ என்ற லத்தீன் சொல்லிலிருந்தே ‘கார்னியா’ பிறந்தது. கார்னியா அழற்சியை மருத்துவர்கள் இன்றும் ‘கெரடைடிஸ்’ என்பதில் அந்தக் கிரேக்கக் கொம்பு எஞ்சியிருக்கிறது.

ஐரிஸ் என்பதற்குக் கிரேக்கத்தில் வானவில் என்று பொருள். கண்மணியைச் சூழ்ந்த நிறமுள்ள வளையம் அது. நம்மவர் கண்களில் அது பெரும்பாலும் கரும்பழுப்பாக இருப்பதால் ‘கருவிழி’ இயல்பாகவே பொருந்துகிறது. (‘நீல நிறக் கருவிழி’ என்று எழுத நேரும்போது மட்டும் சற்றே இடறும்.) அந்த வளையத்தின் மேலேயே கார்னியா கவிந்திருப்பதால், வெளியிலிருந்து பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாகக் கருதியதில் வியப்பில்லை.

ஆனால் கருவிழியையே மாற்றுகிறார்கள் என்று படிப்பவர், கண்ணின் நிறம் மாறிவிடுமோ, இறந்தவரின் கண்மணியைப் பெயர்த்து வைப்பார்களோ என்று அஞ்சுவது இயல்பே. 1905-ஆம் ஆண்டு டிசம்பரில், இன்றைய செக் குடியரசிலுள்ள ஓலமோட்ஸ் நகரில், எடுவார்டு ஸிர்ம் என்ற கண் மருத்துவர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வெற்றிகரமாக மாற்றிப் பொருத்தியது நிறமற்ற அந்த முகப்புப் படலத்தைத்தான், இன்றும் அவ்வாறே.

‘விழிவெண்படலம்’ என்ற கலைச்சொல் இருப்பினும், ‘வெண்’ என்ற அடை கண்ணின் வெள்ளைப் பகுதியையே நினைவூட்டுவதால் அதுவும் எனக்கு நிறைவளிக்கவில்லை. எனவே, ‘கருவிழி’யை ஐரிஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைக் ‘கார்னியா’ என்றே எழுதலாம். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரையிலான தேசியக் கண்தான இருவாரச் செய்திகளிலேனும் இம்மாற்றத்தைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.