திருப்பூரில் ஈஆர்பி அமைத்துத் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பனியன் கம்பெனிகளுக்கு ஈஆர்பி (ஆர்டர், ஸ்டோர், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் சாஃப்ட்வேர்) போட்டுத் தரும் கன்சல்டன்ட்டுகளுக்கும், அந்த வேலைக்குப் பணம் கொடுக்கும் முதலாளிகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் இந்த சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்ளும் ஆள். கேட்க வந்தது ஒன்றுதான்: லாகின் செய்ததும் வரும் முதல் திரை இருக்கிறதே, எல்லாத் துறைக்கும் அந்த ஒரே முகப்பைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஸ்டோர்காரர் லாகின் செய்தால் ஸ்டோர் வேலை கண்ணில் படவேண்டும், பையரின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் லாகின் செய்தால் அவருடைய ஆர்டர்கள் படவேண்டும். இது அலங்கார வேலை, கடைசியில் நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குகிறீர்கள். ஆனால் சாஃப்ட்வேர் ஓடுவதும் மூலையில் கிடப்பதும் அதில்தான் இருக்கிறது.

டெமோவை நினைத்துப் பாருங்கள். எம்.டி. அறையில் பெரிய டிவியில் கலர் கலராக சார்ட் ஓடும், பையர் வாரியாக ஆர்டர் மதிப்பு, மாத வாரியாக ஷிப்மென்ட், எல்லோரும் தலையாட்டுவோம். அந்த சார்ட்டுக்கு எண் எங்கிருந்து வருகிறது? துணி வந்து இறங்கும் இடத்தில் நிற்கிறாரே ஸ்டோர்காரர், அவர் கையிலிருந்துதான் வருகிறது. அவருக்கு நீங்கள் கொடுத்த முகப்பில் சிஆர்எம் இருக்கிறது, ப்ராஜெக்ட் இருக்கிறது, ஹெச்ஆர் இருக்கிறது, வெப்சைட் கூட இருக்கிறது. அவருக்கு வேண்டியது நாலாவது மெனுவுக்குள் மூன்றாவது வரியில் இருக்கிறது.

துணிக்குச் சாயம் போடும் டையிங்கிலிருந்து டெம்போ வந்து நிற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று நின்று பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? சரக்கோடு வரும் டிசியை (டெலிவரி சலானை) வாங்குகிறார். நாம் அனுப்பிய எந்த டிசிக்கு இது எதிர் என்று தேடுகிறார். ரோல் எண்ணுகிறார், எடை போடுகிறார், டயா (துணியின் விட்டம்) பார்க்கிறார், லாட் நம்பர் பார்க்கிறார், போன கிலோவுக்கும் வந்த கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கலருக்கு வழக்கமாக வரும் லாஸ்தானா என்று மனதுக்குள்ளேயே கணக்குப் போடுகிறார். டிரைவர் அடுத்த கம்பெனிக்குப் போக அவசரப்படுகிறார். இத்தனைக்கும் நடுவில் நாலு திரை தாண்டி ஒரு எண்ட்ரி போடச் சொன்னால் யார் போடுவார்கள்? நோட்டில் எழுதிவைக்கிறார். சாயங்காலம் ஒரு பையன் நோட்டைப் பார்த்து ஏற்றுகிறான், சில நாள் மறுநாள் ஏற்றுகிறான். அதற்குள் மெர்ச்சண்டைசர் துணி வந்ததா என்று போனில் கேட்டுவிட்டு, தனியாக ஒரு எக்ஸெல் வைத்துக்கொள்கிறார். இப்படி மூன்று கணக்கு ஓடும் இடத்தில் டிவியில் ஓடும் சார்ட்டை யார் நம்புவது?

அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. வெளியே போய் இன்னும் திரும்பாத டிசிகள், பழையது மேலே வரும்படி ஒரு பட்டியல். அதில் ஒன்றைத் தொட்டால் அனுப்பிய விவரமெல்லாம் தானாக நிரம்பி, வந்த ரோலும் வந்த கிலோவும் மட்டும் போடவேண்டிய ஒரு படிவம். அவ்வளவுதான். இஆர்பிநெக்ஸ்ட் மாதிரியான ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரில் 14ஆம் பதிப்பிலிருந்து ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கு, தனி ஆர்டரும் தனி ரசீதும் உண்டு. ஒர்க்ஸ்பேஸ் என்ற வசதியில் ஒவ்வொரு ரோலுக்கும் (துணி ரோல் இல்லை, யூசரின் பொறுப்பு) தனி முகப்பு வைக்கலாம், ஷார்ட்கட் போடலாம், நிலுவை எண்ணிக்கையைக் கார்டாகக் காட்டலாம். இதற்கெல்லாம் புரோகிராம் கோடு எழுதவேண்டியதில்லை, செட்டிங்கில் முடிகிற வேலை.

அந்த ஒரு பட்டியல் ஸ்டோருக்கு மட்டும் பயன்படுவதும் இல்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பவேண்டும், இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. ஜாப் ஒர்க் சரக்குக்கான ஜிஎஸ்டி படிவம் ஐடிசி 04 போடும் நேரத்தில் அக்கவுண்ட்ஸ்காரர்கள் பழைய டிசி புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டோர்காரர் அன்றன்றைக்குப் போட்டிருந்தால் அவர்கள் முகப்பில் அதே விவரம் வேறு வடிவில் தயாராக இருக்கும்.

அக்கவுண்ட்ஸுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 10 கோடிக்கு மேல் டர்ன் ஓவர் உள்ளவர்கள் 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் ஏற்றியாகவேண்டும், தாண்டினால் போர்ட்டல் ஏற்காது. அப்படியென்றால் அவர்கள் திரையில் முதலில் தெரியவேண்டியது இன்னும் ஐஆர்என் (போர்ட்டல் தரும் பதிவு எண்) வாங்காத பில்கள்தானே? லாப நஷ்ட சார்ட்டை அவர்கள் வேண்டும்போது திறந்துகொள்வார்கள்.

தையல் லைன் சூப்பர்வைசருக்குக் கம்ப்யூட்டரே கிடையாது, போன்தான். மணிக்கு மணி எத்தனை பீஸ் என்று போட ஒரு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில் கொடுங்கள், போதும். யூசர் வாரியாக மொழி மாற்றும் வசதி பல சாஃப்ட்வேரில் இருந்தும் தமிழில் வைத்துத் தருபவரை நான் இதுவரை பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பு அரைகுறையாக இருந்தால் அந்த ஒரு பக்கத்தில் வரும் பத்துப் பதினைந்து சொல்லையாவது நாமே திருத்திக்கொள்ளலாமே.

சரி, இதன் மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். தனித்தனியாக வேண்டும் என்றதும் ஒவ்வொரு துறைக்கும் தனிப் படிவம், தனி ஃபீல்டு, தனி மாஸ்டர் பட்டியல் என்று பிரித்துக்கட்டிவிடுவார்கள். ஸ்டோரில் அந்தக் கலருக்குப் பெயர் நேவி, கட்டிங்கில் நேவி ப்ளூ, மெர்ச்சண்டைசரிடம் பையர் கொடுத்த கோடு நம்பர். மூன்றும் ஒரே துணி என்று சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? திரைதான் ஆளுக்கு ஆள் மாறவேண்டும், அடியில் உள்ள விவரம் ஒன்றாக இருக்கவேண்டும். அதே ரசீதில் விலை மட்டும் ஸ்டோருக்குத் தெரியக்கூடாது என்றால் அந்த ஃபீல்டுக்கு பெர்மிஷன் லெவல் மாற்றினால் போதும், அதற்காக இன்னொரு ரசீதைக் கட்டவேண்டாம். கட்டினால் அடுத்த பதிப்புக்கு மாறும்போது அதைச் சரிசெய்ய யாராவது உட்காரவேண்டும், பெரும்பாலும் அதற்குள் கட்டியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

பெர்மிஷன் என்றதும் முக்கியமான ஒன்று. முகப்பிலிருந்து ஐகானை எடுத்துவிட்டால் பூட்டியாகிவிட்டது என்று தயவுசெய்து கிளையண்ட்டிடம் சொல்லாதீர்கள். தேடும் பெட்டியில் பெயரைத் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். பையருக்குக் கொடுத்த விலையும் ஸ்டாஃப் சம்பளமும் அப்படித் திறந்து கிடந்தால் அது சின்ன விஷயமா? கண்ணுக்கு என்ன தெரியவேண்டும் என்பதை ஒர்க்ஸ்பேஸில் வையுங்கள், யார் எதைத் திறக்கலாம் என்பதை ரோல் பெர்மிஷனில் வையுங்கள். இரண்டையும் அந்தந்த யூசராகவே லாகின் செய்து சோதித்துப் பார்த்துவிட்டு ஒப்படையுங்கள்.

முதலாளிகளுக்கு: நாலு பேருக்கு ஒரே லாகின் கொடுத்து லைசென்ஸ் காசு மிச்சம் பிடிப்பதை விட்டுவிடுங்கள். ஒரே லாகினில் கட்டிங்கும் பேக்கிங்கும் உட்கார்ந்தால் எந்த முகப்பை யாருக்கு வைப்பது? பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகவேண்டும் என்று விதியே இருக்கிறது. நாலு பேர் ஒரே பெயரில் திருத்தினால் அந்தப் பதிவை வைத்து யாரை என்ன கேட்பீர்கள்? யூசர் எண்ணிக்கைக்குக் காசு கேட்காத ஓப்பன் சோர்ஸும் இருக்கிறது, உங்கள் பட்ஜெட்டுக்கு அது சரிப்படுமா என்று பாருங்கள்.

அப்புறம் கொட்டேஷன். அதில் மாட்யூல் இத்தனை, டிரெய்னிங் இத்தனை நாள் என்று எழுதுகிறீர்கள். ஸ்டோரிலும் கட்டிங்கிலும் செக்கிங்கிலும் அக்கவுண்ட்ஸிலும் ஒவ்வொரு நாள் முழுக்க நின்று வேலையைப் பார்ப்பதற்கும் ஒரு வரி சேருங்கள், அதற்குக் காசும் கேளுங்கள். முதலாளிகள் அந்த வரியை அடிக்காமல் விடவேண்டும். முகப்பு கட்டும் வரிசையையும் மாற்றுங்கள்: முதலில் துணி ஸ்டோர், அங்கே ஒரு மாதம் நோட்டு இல்லாமல் ஓடட்டும், பிறகு மற்ற துறைகள், எம்.டி. டிவி கடைசியில்.

போகும்போது எங்களில் ஒருவருக்கு ஒர்க்ஸ்பேஸைத் திருத்தும் உரிமையையும் அதைச் செய்யும் முறையையும் கொடுத்துவிட்டுப் போங்கள். புதுப் பையர் வருவார், பிரிண்டிங் உள்ளே வரும், ஒரு லைன் வெளியே கூலிக்குத் தைத்துத் தரும் பவர் டேபிளுக்குப் போகும், அப்போதெல்லாம் ஒரு ஷார்ட்கட்டை மாற்ற டிக்கெட் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க எங்களால் முடியாது.