கனமான ஒரே ஒரு சொல்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதமும், ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் 'எ ஸ்லம்பர் டிட் மை ஸ்பிரிட் சீல்' என்ற எட்டு வரிக் கவிதையின் தமிழாக்கமும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம்; மழைதான் விட்டபாடில்லை.

மொழிபெயர்ப்பு அழகாக இருக்கிறது. தொல்லையே அந்த அழகுதான். துயில், புவி, விருட்சம், நித்திய கதி என்று எட்டு வரிக்குள் ஒரு நகைக்கடையையே திறந்திருக்கிறாய். வேர்ட்ஸ்வொர்த் யாரை வாசலோடு அனுப்பிவிட்டு இந்தக் கவிதையை எழுதினாரோ, அவர்களை நீ கொல்லைப்புறமாகக் கூட்டி வந்து பந்தியில் உட்கார வைத்துவிட்டாய். கடிதத்தின் கடைசியில் "ரொமான்டிக் கவிஞர்கள் சொன்னது பேச்சுமொழியில் எழுது என்பதுதானே?" என்று வேறு கேட்டிருக்கிறாய். அப்படிச் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் முடிச்சு ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள், அதாவது வேர்ட்ஸ்வொர்த், அவர் நண்பர் கோல்ரிட்ஜ் முதலியவர்கள், எதை எதிர்த்தார்கள் என்று பார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலச் செய்யுளில் மீனை மீன் என்று சொன்னால் மரியாதைக் குறைவு. 'செதிலுடைக் குலம்' என்ற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும். பறவைகள் 'சிறகணிந்த பாடகர் குழு'. சூரியன் உதிக்கக் கூடாது, ஃபீபஸ் என்னும் கிரேக்கக் கடவுள் எழுந்தருள வேண்டும். இதற்கென்று ஒரு சொற்கிடங்கே இருந்தது. யார் பேசுகிறார், எந்த மனநிலையில் பேசுகிறார் என்ற கேள்வியே இல்லாமல் அதிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். கவிஞர் தாமஸ் கிரே 1742இல் தன் நண்பர் ரிச்சர்ட் வெஸ்டுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு காலத்தின் நடைமுறை மொழி ஒருபோதும் கவிதையின் மொழி ஆகாது என்று தீர்ப்பே சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு வெஸ்ட் இறந்துபோனார். அவருக்காக கிரே எழுதிய பதினான்கு வரி சானெட்டைத்தான் வேர்ட்ஸ்வொர்த் பின்னாளில் அறுவை மேசையில் கிடத்தினார்.

அது நடந்தது, வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட 'லிரிகல் பேலட்ஸ்' கவிதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில். (அட்டையில் 1800, கடைக்கு வந்தது 1801 ஜனவரி.) பதினான்கு வரிகளில் ஐந்தை மட்டும் சாய்வெழுத்தில் அச்சிட்டு, மதிப்புள்ளவை இவைதாம் என்றார்: 6, 7, 8, 13, 14. அந்த ஐந்தில் ஃபீபஸும் இல்லை, பச்சை ஆடை உடுத்தும் வயலும் இல்லை. கேட்க முடியாதவனிடம் வீணாகப் புலம்புகிறேன், வீண் என்பதாலேயே இன்னும் அழுகிறேன் என்று முடியும் இரண்டு வரிகள் அதில் சேர்த்தி. இந்த ஐந்தும் நல்ல உரைநடையில் அப்படியே உட்காரும். ஆகவே உரைநடையின் மொழிக்கும் செய்யுளின் மொழிக்கும் சாரத்தில் வேறுபாடு இல்லை என்பது அவர் வாதம்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த சானெட் 'வீணாக' என்று தொடங்கி 'வீணாக' என்றே முடிகிறது. காலைப்பொழுது எவ்வளவு ஜோடித்துக்கொண்டு வந்தாலும் எனக்குப் பயனில்லை என்பதுதான் பொருள் என்றால், அந்தக் காலை ஜோடனையாகத்தானே இருக்க வேண்டும்? ஒன்பது வரிகளை வெட்டி எறிந்தால் மிச்சம் ஐந்தும் நொண்டும். வாதத்துக்கு ஏற்ற உதாரணம், கவிதைக்குச் செய்த அநியாயம்.

இப்போது உன் கேள்வி. 1798இல் முதல் பதிப்பு வந்தபோது இருந்த சிறு முன்குறிப்பில்தான், நடுத்தர, கீழ்த்தட்டு மக்களின் உரையாடல் மொழி கவிதை இன்பத்துக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று பார்க்கும் சோதனை இது என்று எழுதினார்கள். 1800 முன்னுரையின் முதல் பத்தியே அதைத் திருத்திவிட்டது. அங்கே வேர்ட்ஸ்வொர்த் சொல்வது: தீவிர உணர்ச்சியில் இருக்கும் மனிதர்களின் உண்மையான மொழியிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு பகுதியை யாப்பில் பொருத்துவது. இதில் மூன்று சல்லடை இருப்பதைக் கவனி. தேர்ந்தெடுக்க வேண்டும், பேசுகிறவர் உணர்ச்சியின் பிடியில் இருக்க வேண்டும், பிறகு யாப்பில் அமைய வேண்டும். நம் பாடப்புத்தகங்கள் மூன்றையும் உதறிவிட்டு 'மக்கள் மொழி' என்ற சக்கையை மட்டும் வைத்துக்கொண்டன.

முதல் பதிப்பே அந்தக் குறிப்புக்கு அடங்கவில்லை. மொத்தம் 23 கவிதைகள், நான்கு கோல்ரிட்ஜினுடையவை, ஆசிரியர் பெயர் இல்லை. (வேர்ட்ஸ்வொர்த் பெயரை யாருக்கும் தெரியாது, என் பெயரோ பலருக்கு நாறுகிறது என்றார் கோல்ரிட்ஜ், அவருடைய அரசியல் அப்படி.) முதலில் நிற்பது கோல்ரிட்ஜின் கிழட்டு மாலுமிக் கதை; வேண்டுமென்றே பழங்கால எழுத்துக்கூட்டல், வழக்கொழிந்த சொற்கள். கடைசியில் நிற்பது டின்டர்ன் மடாலயத்துக்குச் சில மைல் மேலே, வை நதிக்கரையில் தோன்றிய சிந்தனைகளைச் சொல்லும் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை. எந்தக் குடியானவரும் அந்த நீளத்துக்கு வாக்கியம் பேச மாட்டார். தலைவாசலும் கொல்லைவாசலும் கொள்கைக்கு வெளியே! புத்தகம் சரியாகப் போகாததற்கு மாலுமியின் பழஞ்சொற்களே காரணம் என்று வேர்ட்ஸ்வொர்த் பதிப்பாளரிடம் குறைப்பட்டு, அடுத்த பதிப்பில் அதை முதல் இடத்திலிருந்து இறக்கிவிட்டார்.

கொள்கை எங்கே சறுக்கும் என்று பார்க்க வேர்ட்ஸ்வொர்த்தின் 'முள்மரம்' என்ற கவிதை போதும். கதை சொல்கிறவர் ஓய்வுபெற்ற ஒரு சிறு கப்பல் தலைவர், வாய் ஓயாதவர். ஒரு குட்டையைக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் அளந்து பார்த்தேன், மூன்றடி நீளம், இரண்டடி அகலம் என்கிறார். இப்படிப்பட்ட ஆள் இப்படித்தான் பேசுவார் என்பது வேர்ட்ஸ்வொர்த்தின் சமாதானம். கோல்ரிட்ஜ் 1817இல் 'பயோகிராஃபியா லிட்டரேரியா' என்ற தன் நூலில் அதற்குச் சொன்ன பதிலுக்கு மறுபேச்சு கிடையாது: சலிப்பூட்டும் வாயாடியை அப்படியே போலச் செய்தால் வருவதும் சலிப்பும் வாயாட்டமும்தான். 1820இல் அந்த அளவு வரிகள் காணாமல் போயின. வேர்ட்ஸ்வொர்த்தும் உள்ளூர ஒப்புக்கொண்டார் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

கோல்ரிட்ஜின் இன்னொரு அடி ஆழமானது. நாட்டுப்புறத்தார் மொழியில் நீங்கள் வியக்கும் நல்ல பகுதி, வயலிலிருந்து முளைத்ததில்லை என்கிறார். விவிலியமும் தேவாலயப் பிரசங்கமும் தலைமுறை தலைமுறையாகக் காதில் ஊற்றியது, விதைக்காத அறுவடை. மொழியின் சிறந்த பகுதி, மனம் தன் செயல்களையே திரும்பிப் பார்க்கும்போது பிறப்பது என்பது அவர் கட்சி. கையோடு ஓர் உரைகல்லும் தருகிறார். ஒரு வரியை அதே மொழியில் வேறு சொற்களால் மாற்றிப் பார்; பொருளிலும் உணர்விலும் எதுவும் குறையாவிட்டால் அந்த வரியின் சொல் தேர்வு பழுது. உன் தமிழாக்கத்தை இதில் உரசிப் பார்த்தேன். 'விருட்சம்' இருந்த இடத்தில் 'மரம்' போட்டேன். ஒன்றும் குறையவில்லை.

யாப்பு விஷயத்துக்கு வா. பதினெட்டாம் நூற்றாண்டு விமர்சகர் டாக்டர் ஜான்சன் நாட்டுப் பாடல்களைக் கேலி செய்து ஒன்று கட்டினார்: தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு ஸ்ட்ராண்ட் தெருவுக்குப் போனேன், அங்கே இன்னொருவரைக் கண்டேன், அவர் தொப்பி அவர் கையில் இருந்தது. வேர்ட்ஸ்வொர்த் இதன் பக்கத்தில், காட்டில் தொலைந்த இரண்டு குழந்தைகள் கைகோத்து அலையும் பழைய கதைப்பாடலின் நான்கு வரிகளை வைக்கிறார். அதே எட்டசை, ஆறசை மாறி மாறி வரும் அமைப்பு. அதே எளிய சொற்கள். ஒன்று நெஞ்சைப் பிசைகிறது, மற்றது இளிக்கிறது. ஆகவே குற்றம் சொல்லிலும் இல்லை, யாப்பிலும் இல்லை, தொப்பிக்காரரிடம் சொல்ல விஷயம் இல்லை. மருத்துவமும் சோதிடமும் செய்யுளில் படித்த நமக்கு, செய்யுள் வேறு கவிதை வேறு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வேர்ட்ஸ்வொர்த் அதற்குப் பல பக்கம் செலவழிக்க வேண்டியிருந்தது.

கவிதை என்பது 'தானாகப் பொங்கும் உணர்ச்சி' என்று அந்த முன்னுரையில் வரும் தொடரையும் முழுதாகப் படி. அடுத்த மூச்சிலேயே, நீண்ட காலம் ஆழமாக யோசித்த ஒருவரிடமிருந்துதான் மதிப்புள்ள கவிதை வந்திருக்கிறது என்கிறார். அவர் சொல்லும் படிகள்: பழைய உணர்ச்சியை அமைதியில் நினைவுகூர்தல், அமைதி மெல்லக் கரையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருத்தல், பழையதற்கு உறவான ஒரு புதிய உணர்ச்சி பிறத்தல், அதன் பிறகே எழுத்து. டாஃபடில் பூக்களைப் பற்றிய அவர் கவிதையையே எடுத்துக்கொள். பூக்களை அவர் பார்த்தது 1802 ஏப்ரல் 15, தங்கை டோரதியோடு. டோரதியின் நாட்குறிப்பில் பூக்கள் கல்லைத் தலையணையாக்கிச் சாய்ந்திருக்கின்றன, ஆடுகின்றன. கவிதை எழுதியது 1804. 'அகக்கண்' பற்றிய இரண்டு வரிகள் மனைவி மேரி கொடுத்தவை. அச்சானது 1807. 1815இல் ஒரு பத்தி கூட்டி, 'ஆடும்' என்ற அடையைப் 'பொன்னிற' என்று மாற்றி, 'சிரிக்கும்' கூட்டம் என்பதை லத்தீன் வாடை அடிக்கும் ஒரு சொல்லாக்கினார். கிடங்குச் சாவியை முழுதாகத் தூக்கி எறியவில்லை, பார்த்தாயா!

மற்ற ரொமான்டிக் கவிஞர்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கீட்ஸ் 1819 செப்டம்பரில் 'ஹைபீரியன்' காவியத்தைப் பாதியில் நிறுத்தினார். மில்டன் பாணியில் சொல்முறை புரட்டல்கள் அதிகமாகிவிட்டன என்பது அவரே சொன்ன காரணம். ஷெல்லி 1821இல் எழுதிய 'கவிதைக்கு ஒரு வாதம்' அவர் இறந்து பதினெட்டு ஆண்டு கழித்து, 1840இல் வெளிவந்தது. உலகின் அங்கீகரிக்கப்படாத சட்டமியற்றுநர்கள் என்ற கடைசி வாக்கியத்தையே எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், உருவகங்கள் நாள்பட நாள்படச் செத்து வெறும் அடையாளங்களாகிவிடும், கவிஞர்கள் அவற்றுக்கு மீண்டும் உயிரூட்டாவிட்டால் மொழியே செத்துவிடும் என்று அவர் சொல்லும் இடம். பைரனோ இந்த முகாமையே நையாண்டி செய்தார். 1809இல், உரைநடைதான் செய்யுள் என்று வேர்ட்ஸ்வொர்த் சொல்லியும் செய்தும் காட்டுகிறார் என்று குத்தினார்.

வேடிக்கை என்னவென்றால், நிஜமான பண்ணைத் தொழிலாளி ஒருவர், ஹெல்ப்ஸ்டன் கிராமத்து ஜான் கிளேர், 1820இல் தன் வட்டாரச் சொற்களோடு கவிதை வெளியிட்டபோது, பதிப்பாளர் நிறுத்தற்குறிகளையும் எழுத்துக்கூட்டலையும் திருத்தி, பின்னால் அருஞ்சொற்பொருள் பட்டியலும் சேர்த்தார். செல்வத்தைச் சபித்த வரிகள், ஆதரவாளர் ஒருவரின் வற்புறுத்தலால் பின்னர் நீக்கப்பட்டன. மக்கள் மொழிக்கு எவ்வளவு இடம் என்பதைப் பதிப்பாளரும் புரவலரும் முடிவு செய்தார்கள்.

ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்ட நம் பாரதி, 1912இல் 'பாஞ்சாலி சபத' முன்னுரையில் எளிய பதங்கள், எளிய நடை, எளிதில் அறியக்கூடிய சந்தம், பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு என்று கேட்டதோடு நிற்கவில்லை. காவியத்துக்குள்ள நயங்கள் குறையக் கூடாது என்றும் சேர்த்துக் கேட்டார். அவருக்கும் சல்லடை உண்டு.

இனி உன் எட்டு வரி, இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றியது. 1798-99 குளிர்காலத்தில் ஜெர்மனியில் எழுதியது. மூலத்தில் 48 சொற்கள், எண்ணிப் பார்த்தேன். 41 ஓரசை, ஆறு ஈரசை, மூவசைச் சொல் ஒன்றே ஒன்று: ஏழாம் வரியில் பூமியின் சுழற்சிக்கு அடையாக வரும் 'டையர்னல்'. நாள்தோறும் நிகழ்கிற என்று பொருள். வானியலாளர் வாயில் புழங்கும் லத்தீன் சொல். எளிய சொற்களுக்கு நடுவே அது ஒரு பாறை மாதிரி உருள்கிறது. நீ எல்லாச் சொல்லையும் கனமாக்கியதால் அந்தக் கனம் கேட்கவில்லை. மற்ற ஏழு வரிகளையும் அடுப்படியில் புழங்கும் தமிழுக்கு இறக்கு, அந்த ஓரிடத்தில் மட்டும் ஏற்று. 'தினசரி' வேண்டாம், செய்தித்தாள் நினைவு வரும். 'நித்திய' பொருளையே மாற்றிவிடும். பள்ளிப் புவியியலில் வரும் 'தற்சுழற்சி' எனக்குப் பிடித்திருக்கிறது. அதன் குளிர்ச்சி பொருத்தம், ஆனால் நாள் என்ற குறிப்பு போய்விடுகிறது.

நாலாம் வரியிலும் ஏழாம் வரியிலும் மூலத்தில் ஒரே வேர்ச்சொல் வருகிறது. நீ ஒன்றில் 'மண்ணுலகு', மற்றதில் 'புவி' என்று பிரித்துவிட்டாய். இரண்டிலும் 'பூமி' போடு. 'சுழல்கிறாள்' என்றால் அவளே சுழல்வது போலாகிறது. பூமியை எழுவாயாக்கி, அவளையும் உருட்டிக்கொண்டு போகிறது என்று சொல்லிப் பார். வினையை முன்னால் முடித்துவிட்டு 'பாறைகளோடு, கற்களோடு, மரங்களோடு' என்று நிறுத்து; மூலத்தைப் போலவே மரத்தில் முடியும்.

ஒரு விஷயத்தில் தமிழ் உனக்குக் கை கொடுக்கிறது. மூன்றாம் வரியில் அவளை ஒரு 'பொருள்' என்கிறார் கவிஞர். நம் காதுக்கு அது உடனே அஃறிணை. இரண்டாம் பத்தியில் 'கேட்கமாட்டாள், பார்க்கமாட்டாள்' என்று எழுதி அவளை உயர்திணைக்கு மீட்டுவிட்டாய். 'கேட்பதில்லை, பார்ப்பதில்லை' என்று மாற்று. அந்த வினைக்குத் திணையும் இல்லை, பாலும் இல்லை. கல்லுக்கும் அவளுக்கும் ஒரே வினைமுற்று.

திருத்தியதை அனுப்பு. 'தற்சுழற்சி'யைவிட நல்லதாக ஏதாவது தட்டுப்பட்டால் கடிதத்துக்குக் காத்திராமல் ஃபோன் செய்.

உன்,
சரோஜா