கதவில் ஒட்டிய காகிதம்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன வாரம் ஒரு வரலாற்றுப் பாடநூலின் கடைசிப் பக்கத்தை வாசித்துப் பதிவு செய்து முடித்தேன். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகச் செய்த குரல்பதிவு. அதன் முடிவில் ‘வாசித்தவர்’ என்று என் பெயர் மட்டும் வருகிறது. அது சரியில்லை என்று பட்டது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் நூலகர் அவர்களுக்கு. அம்மா போன பிறகு ஏழெட்டு மாதம் என்னால் எதையும் படிக்க முடியவில்லை. ஒரே வரியை நான்கு தடவை படிப்பேன், மண்டையில் ஏறாது. ஒரு நாள் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உறுப்பினர் அட்டையையும் நீட்டினேன். நீங்கள் அட்டையை வாங்கவில்லை. உள்ளே போய் ஒரு மெல்லிய பயணநூலை எடுத்து வந்து, “இதை முடிக்கணும்னு இல்லம்மா. திறந்த பக்கத்துல ரெண்டு பத்தி போதும்” என்றீர்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் நான் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் புத்தகத்துக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். அதில் யாரோ ஒருவர் வராத படகுக்காகக் கரையில் உட்கார்ந்திருந்தார். நானும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளைப் பற்றியும் நீங்கள்தான் சொன்னீர்கள். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகத்தில் அதை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். வீட்டில் பார்த்துக்கொண்டது என் மகள். ‘9 மணி முதல் 9.30 வரை சட்டை, சாவி, சார்ஜர் எல்லாவற்றையும் அவரவரே தேடிக்கொள்ளவும்’ என்று எழுதி அறைக் கதவில் ஒட்டினாள். முதல் வாரம் யாரும் மதிக்கவில்லை. இரண்டாவது வாரம் சார்ஜர் தானாகவே கிடைக்க ஆரம்பித்தது! ஒரு நாளைக்குப் 10 பக்கம் என்றால் வருடத்துக்கு 3,650 பக்கம், 300 பக்கப் புத்தகமாகப் பார்த்தால் 12 புத்தகம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த மகனுக்கும் நன்றி. கணக்கில் காய்ச்சல், விருந்தாளி, பரீட்சை நாட்களைக் கழிக்க மறந்துவிட்டாய், பரவாயில்லை.

என் கணவருக்கு: அடிப்பிடித்த வாசனை வந்தும் நான் எழுந்திருக்காத அந்த இரவில், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் பாத்திரத்தை ஊறவைத்தீர்கள். இரண்டு நாள் ஊறியது. எனக்கு நினைவிருக்கிறது.

அத்தை, உங்களுக்குக் கண் மங்கிய பிறகு படித்துக் காட்டத் தொடங்கியபோது, நான்தான் உங்களுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். “ஏன் ஓடுறே? முற்றுப்புள்ளிய முழுங்காதே” என்று நீங்கள் அதட்டியதில்தான் எனக்கு வாசிக்கவே வந்தது. வரிக்கு வரி நீங்கள் கொட்டும் ‘உம்’ நின்றால் தூங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மறுநாள், “அவன் கதவைத் திறந்தான், அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது” என்று சரியாக அந்த இடத்தைச் சொல்வீர்கள். நமக்குப் பக்க அடையாளம் தேவைப்பட்டதே இல்லை. குரல்பதிவுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என்னைப் போகச் சொன்னதும் நீங்கள்தான்.

அங்கே என்னைச் சேர்த்துக்கொண்ட ஒருங்கிணைப்பாளருக்கு. என் முதல் நாற்பது நிமிடப் பதிவை நீங்கள் திருப்பி அனுப்பியபோது, உண்மையைச் சொன்னால், கோபம் வந்தது. கேட்டுப் பார்த்தேன். என் குரலைவிடச் சுவர்க்கடிகாரம் தெளிவாக இருந்தது. துணி அலமாரிக்குள் தலையை விட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு படிக்கச் சொன்னீர்கள். துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். அட்டவணையைப் படிக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் அதன் தலைப்பைத் திரும்பச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கேட்பவருக்கு அது வெறும் எண் மழை என்பதையும் உங்களிடம்தான் கற்றேன். பதிப்புரிமை உள்ள நூலை இப்படிப் பதிவு செய்யலாமா என்று பயந்தேன். இதற்கென்றே 2013-இல் நாடுகளுக்கிடையே மராகேஷ் ஒப்பந்தம் என்று ஒன்று ஏற்பட்டு, 2016-இல் நடைமுறைக்கு வந்ததைப் பொறுமையாக விளக்கினீர்கள்.

அப்புறம், பெயர் சொல்லாமல் குறிப்பிட வேண்டிய ஒரு மாணவி. “அக்கா, பக்க எண்ணையும் படிங்க. வகுப்புல 74-ஆம் பக்கம்னு சொன்னா எல்லாரும் புரட்டுறாங்க, நான் மட்டும் சும்மா இருக்கேன்” என்று குரல்செய்தி அனுப்பினாய். அதுவரை படித்த அத்தனையையும் மறுபடி படித்தேன். அலுக்கவே இல்லை. சும்மா பொழுதுபோக்கத்தானே படிக்கிறாய் என்று என்னை நானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, அதற்கப்புறம் வரவில்லை.

நூலகர் அவர்களே, அந்தப் பயணநூல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் முடிக்கவில்லை. தாமதக் கட்டணத்தோடு திங்கட்கிழமை வருகிறேன், மறுபடி என் பேரில் எழுதிக்கொடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் வாசகி